மைதானத்தில் நின்ற மூன்று தேயிலைச் செடிகள்

என் மகளின் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளிக்கூடம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிறது, படி ஏறிப் போக வேண்டும். நாற்பது வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்த முழங்கால்கள் எனக்கு. மேலே போய்த் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினால்தான் வாயில் பேச்சு வரும்.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே நீளமான மண்டபம். ஐந்து வகுப்புக்கும் நடுவில் சுவர் இல்லை. அலமாரிகளைக் குறுக்கே திருப்பி வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் டீச்சர்மார் பேச்சை விட்டுவிட்டுப் படம் வரையச் சொல்வார்கள். புதுக் கக்கூஸ் இரண்டு உண்டு. கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றன, தண்ணீர் மட்டும் காலையில்தான் வரும். சுவரில் ஒரு யானை வரைந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அந்த யானையைப் பார்த்தாலே சந்தோஷம். கால் வலிக்கிறதென்று நின்று, அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சொல்ல வந்தது யானையை அல்ல. விளையாட இடமில்லாமல் போன வருடம் ஓட்டப்போட்டியை பஸ் ரோட்டில் வைத்தார்கள். பேத்தி கல்லில் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். இந்த வருடம் பள்ளிக்குப் பின்னாலிருந்த தேயிலைத் துண்டை மைதானத்துக்கென்று தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வீட்டுக்கொருவர் கூடிச் செய்யும் சிரமதானத்தில் அதைத் துப்புரவாக்கினால் போட்டி அங்கே. இல்லாவிட்டால் மறுபடியும் ரோடு. இப்படிப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைப் பேத்தி எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

“அம்மாயி, அம்மாவுக்கு மலையில வேல. நீங்கதான் போகணும்.”

“போறேன்டி. அந்தப் படிய மட்டும் கொஞ்சம் கீழ எறக்கி வச்சிரு.”

வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல வேலை விட்ட கிழவிகள். நாங்கள் காலையில் செடிகளின் தலையை வெட்ட வேண்டும். அரை நாள் வேலை முடிந்து ஆண்கள் அலவாங்குக் கம்பியோடு வந்து வேரைத் தோண்டுவார்கள். நான் கத்தியை ஓங்கினேன். செடி நிறையக் கொழுந்து, இளம்பச்சையாக நிமிர்ந்து நின்றது. கை இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி கத்தியைக் கீழே போட்டுவிட்டு, மடியில் கொழுந்து சேர்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாடி பண்ற?”

“கொழுந்தோட வெட்டுனா வெளங்குமாக்கா? எடுத்துட்டு வெட்டுவோம்.”

யாரும் சொல்லவில்லை, ஆனாலும் கொழுந்தெடுக்க ஆளுக்கொரு செடி நிரை பிடித்துவிட்டோம். ஒருத்தி கங்காணி குரலில், “ஏய் கெழவி, முத்தல் எலையப் போடாத!” என்று அதட்டினாள். சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது. எத்தனை வருடத்துக்குப் பிறகு! கால் வலிகூட மறந்திருந்தது.

வெயில் ஏறியதும் டீச்சர் வந்தாள், அட்டன் டவுன் பிள்ளை. “என்னங்கம்மா இது? ஒரு செடிகூட வெட்டலையே!”

கொழுந்தை மண்டப ஓரத்தில் குவித்தோம். தோட்டத்துக் கொழுந்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு, இங்கே நிறுக்கவும் ஆளில்லை. அது அங்கேயே கிடந்து கறுத்துப்போனது. அவசரமாக வெட்டத் தொடங்கினோம். பாதியில் ஆண்களும் வந்தார்கள், பின்னாலேயே மழையும் வந்தது. நனைந்துகொண்டே தோண்டினார்கள். இருட்டும்போது நடுவில் மூன்று செடிகள் மிச்சம்.

அன்றிரவு பேத்தி எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். கடைசியில், “ரோட்டுலதான் வைப்பாங்க, ஒங்களாலதான்,” என்றாள்.

போட்டியன்று மறுபடியும் படி ஏறினேன். டீச்சர் அந்த மூன்று செடிகளிலும் சிவப்புத் துணி கட்டி, சுற்றித் திரும்ப வேண்டிய இடமாக்கியிருந்தாள். ஓட்டம் ரோட்டில் இல்லை, மைதானத்து மண்ணில்தான். பேத்தி வேகமாகத் திரும்பும்போது வழுக்கி, ஒரு செடிமேலேயே சாய்ந்து விழுந்தாள். அவள் எழுந்து மறுபடி ஓடி, மூன்றாவதாக வந்தாள்.

முழங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கீறல் மட்டும்தான்.

“ஒண்ணுமில்ல அம்மாயி, விடுங்க,” என்று பாவாடையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டு, படிகளில் இறங்கி ஓடினாள். அவள் லயத்துக்குப் போய் எல்லாருக்கும் சொல்லி முடித்திருப்பாள், நான் பாதிப் படிதான் இறங்கியிருந்தேன்.