சப்பாத்துக்குள் செவ்வந்திப்பூ

குகன் அண்ணை விமான நிலையத்துக்குப் புறப்பட நான்கு மணி நேரம் இருந்தது. கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று அவருடைய பையைத் திறந்தேன். ஆற்றில் இறங்கும் சப்பாத்து ஈரமாக இருந்தது. அதற்குள் செவ்வந்திப்பூ, அறுகம்புல், கொஞ்சம் அரிசி.

நான் படித்தது நீர் உயிரியல். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சிறு பயண நிறுவனத்தில் வேலை. இறகால் கட்டிய செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் வீசி மீன் பிடிப்பவர்களைத் தொலைதூர ஆறுகளுக்கு அனுப்புகிறோம். அவர்களின் சாமான்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. குகன் அண்ணை சேலைக்கடைக்காரர். நியூசிலாந்தில் சால்மன் பிடிப்பது அவருடைய எட்டு வருட ஆசை. அங்கே சப்பாத்தில் ஈரமோ புல்லோ கண்டால் விமான நிலைய அதிகாரிகள் பறித்துவிடலாம். வேற்று ஆற்றுப் பாசி பரவ ஒரு துளி நீர் போதும்.

முந்தைய நாள் நான் செய்தவை:

1. தேய்த்துக் கழுவினேன்.
2. கிருமிநாசினியில் ஊறவிட்டேன்.
3. காயவைத்து, பையில் போட்டு ஒட்டினேன்.

"ஏன் அண்ணை திறந்தனீங்கள்?"

"கோயிலுக்குக் கொண்டுபோனன் பிள்ளை. தூண்டில் தடிக்குத்தான் அர்ச்சனை. ஐயர் பைக்குள்ளை நல்லாத் தீர்த்தம் தெளிச்சிட்டார். கீழை சப்பாத்து கிடக்கெண்டு அவருக்குச் சொல்லேல்லை."

பக்கத்துச் சலூனில் தலைமுடி உலர்த்தும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினோம். அவர் ஊசியால் அரிசியைக் கிண்டி எடுத்தார்.

"அந்தச் சால்மனும் வெளியிலையிருந்து கொண்டுபோய் விட்ட மீன்தானே? அதுக்கு ஆர் விசா, பப்பியே எல்லாம் குடுத்தது?"

"அப்ப ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை. அதாலைதான் இப்ப இவ்வளவு கேள்வி."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த அரிசியைக் கிண்டினார். சப்பாத்து காய்ந்து முடிய மூன்று மணி நேரம் போயிற்று. பூவைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை, காதில் செருகினார்.

"விமானம் ஏற முதல் எடுத்துப்போடுங்கோ."

"ஓம், ஓம்."

என் பட்டியல் பை ஒட்டியதோடு முடிந்திருந்தது. ஆனால் பயணி அதன் பிறகும் ஒரு நாள் இந்த ஊரில்தான் இருக்கிறார். இப்போது நான்காவதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: விமான நிலையம் போகுமுன் இந்தப் பை வேறெங்கே போகும்? அநேகமானவர்கள் கோயில் என்கிறார்கள். பைக்குப் பதிலாக அர்ச்சனைக்குக் கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள், அது போதும் என்கிறேன்.

ஆறு நாள் கழித்து அவரிடமிருந்து செய்தி வந்தது: "மீன் ஒண்டும் படேல்லை. சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திட்டு விட்டிட்டாங்கள். ஆத்துக்குள்ளைதான் நிக்கிறன்."