சாவடி மேசையில் என் ஓவியம்

கண்டிக்குள் நுழையும் முன் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நான் யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியன். சுருட்டிக் கொண்டுவந்த என் ஓவியத்தை ஒரு சிப்பாய் மேசையில் விரிக்கிறான். வட்டத்துக்குள் சதுரம், அதற்குள் வட்டம், இப்படியே நடுவரை. ஒவ்வொரு சதுரமும் பரப்பில் முந்தையதில் சரிபாதி. ஓரத்தில் பென்சிலில் எண்கள். எதையுமே குறிக்காத படம் என்று எனக்கு இதில் பெருமை. அவன் சிங்களத்தில் ஏதோ கேட்கிறான்.

"எந்த எடத்து மேப்புன்னு கேக்குறாரு சார்," என்கிறார் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இப்போது பின்னால் நிற்கும் பன்வில தேயிலைத் தோட்டத்துப் பெண்.

"ஒரு இடமும் இல்லை அம்மா. வெறும் கணக்கு."

"அதச் சொன்னா நம்புவாங்களா? மலைன்னு சொல்லிடவா?"

சரி என்று தலையாட்டுகிறேன். அவர் சிங்களத்தில் சொல்கிறார். சிப்பாய் நடுவட்டத்தில் விரலை ஊன்றி என்னைப் பார்க்கிறான்.

அவர் குரல் இறங்குகிறது. "எந்த மலைன்னு கேக்குறாரு சார்."