பத்தாவது கேள்விக்குச் சுழி

பதினாறு வருஷமாக மழலையர் மையம் நடத்தும் டீச்சரக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெருவே சொல்லும். பிள்ளைகளிடம் மட்டும் அது எட்டிப் பார்த்ததில்லை.

பள்ளிக்குத் தயாரா என்று பார்க்கும் தேர்வு வந்ததிலிருந்துதான் அவளுக்கு வயிறு எரிந்தது. பத்துக் கேள்வி, ஏழு சரியானால் ஒன்றாம் வகுப்பு, இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இதே அறை. பிள்ளைகள் தேங்கினால் மையத்தை மூடிவிடுவார்கள் என்ற பயத்தில், மணலும் மரக்கட்டையுமாக விளையாடிய நேரத்தை நிறுத்தி, மூன்று வாரம் விடைகளை நெட்டுருப் போட வைத்தாள். பதினெட்டுப் பேரில் ஒருத்தி மட்டும் சிக்கவில்லை. அம்மாவுக்குப் பிரசவம் ஆனதால் அந்த மூன்று வாரமும் அவள் வீட்டில் இருந்தாள். விரலை ஆட்டி எல்லாரையும் அதட்டுவதால் அவளுக்குப் பெயர் குட்டிப் பெரியம்மா.

தேர்வு நாளில் அவள் ஒன்பது கேள்வியில் ஆறு சரியாகச் சொல்லிவிட்டாள். மேற்பார்வையாளர் கடைசி அட்டையை எடுத்தார்.

"காலையில எழுந்ததும் முதல்ல என்ன செய்வே?"

"தம்பிக்கு ஈரத்துணி மாத்துவேன். அம்மாவ எழுப்ப மாட்டேன். துணிய வாளியில ஊறப் போடுவேன்."

சுழி விழுந்தது. 'பல் துலக்குவேன்' என்பதுதான் விடை. சற்றுமுன் அதை ராகம் போட்டு ஒப்பித்து மார்க் வாங்கியவன் பல்லில் பாசி படிந்திருந்தது.

"மேடம், அவ சொன்னது உங்க காதுல விழலையா?" என்றாள் டீச்சரக்கா.

"விழுந்துச்சுக்கா. விடைத்தாள்ல இல்லாததுக்கு மார்க் போட்டா என் வேலை போயிடும்."

டீச்சரக்கா திட்ட வாயெடுத்தாள். இந்த அம்மாளைத் திட்டி என்ன? பாசிப் பல்லனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் யார்? ஒருத்திக்காகப் பதினேழு பிள்ளைகளின் மார்க்கில் கை வைக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மற்ற பதினேழு பேருக்கும் விடைகளைத் தானே சொல்லிக்கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

"இதக் குடுத்தா தேர்வே ரத்தாகும். உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும். எல்லாருக்கும் முதல்லேர்ந்து வைங்க."

மறுதேர்வுக்கு இரண்டு வாரம் தந்தார்கள்; கூடவே அவளுக்கு ஒரு விளக்கம் கேட்டு ஓலை. அதைப் படித்து முடித்து, மணல் தொட்டியை மூடியிருந்த பலகையைக் காலால் தள்ளினாள்.