தம்பி சவரம் செய்த நான்கு நிமிடங்கள்

என் தம்பி நாற்பத்து மூன்று படங்களில் நடித்திருக்கிறான். பேயாக வந்தது பதினொன்றில்தான். மற்றவற்றில் தபால்காரன், நீதிபதி, தையல்காரன், கல்யாணத் தரகன், இரண்டு முறை பெண்ணைப் பெற்ற அப்பா. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இந்தக் கணக்கில் என்னிடம் யாரும் பிழை காண முடியாது. ஒவ்வொன்றையும் தியேட்டரில் பார்த்து, வீடு திரும்பியதும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

முதல் பேய்ப் படத்தில் கண்ணுக்குள் வெள்ளை லென்ஸ் வைத்து நடித்தான். படம் சக்கைப்போடு போட்டது. வெள்ளைக்கண் என்ற பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் எந்த வேஷத்தில் வந்தாலும், எப்போது பேயாக மாறுவான் என்றே ஜனங்கள் காத்திருந்தார்கள். அவன் தபால்காரனாகக் கடிதம் நீட்டியதற்கே அலறியவர்கள் உண்டு.

அவன் உயிரைக் கொடுத்து நடித்தது ஒரு சவரக்கடைக் காட்சி. நான்கு நிமிடம், முழுக்க நகைச்சுவை. அதற்காக மூன்று வாரம் பலூனில் நுரை தடவி வழித்துப் பழகினான். பலூனைப் பிடித்துக்கொண்டது நான். பதினேழு வெடித்தன. பதினெட்டாவது தப்பியது.

படம் வெளியான முதல் நாள், அவன் கத்தியை வாடிக்கையாளரின் கழுத்தருகே கொண்டுபோனதும் பின்வரிசையில் ஒருவர், "யோவ், எந்திரிச்சு ஓடுய்யா!" என்று கத்தினார். குழந்தைகள் அழுதன. மூன்றாம் நாள் தயாரிப்பாளர் காட்சியை வெட்டி எறிந்தார். தம்பி இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. அதற்கப்புறம் பேய் வேஷம் மட்டும்தான் வந்தது.

இப்போது அவனுக்கு எழுபத்தொன்று. சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. சினிமா ரசிகர் சங்கம் பாராட்டு விழா வைப்பதாகச் சொன்னபோது என் கையைத் தேடிப் பிடித்தான்.

"அக்கா, அந்தச் சவரக்கடையப் போடச் சொல்லு. ஒருத்தராவது சிரிக்கிறதக் காதால கேட்டுடறேன்."

அந்தப் படத்தின் எடிட்டர் வீட்டுக்கு ஆறு நடை நடந்தேன். வெட்டிய துண்டு பரணில் கிடந்தது. சங்கச் செயலாளர் முகம் சுளித்தார்.

"பேய் பாக்கத்தான்மா கூட்டம் வருது."

"நாலே நிமிஷம் சார். அப்புறம் எத்தனை பேய வேணும்னாலும் விடுங்க."

விழாவில் இருநூறு பேர். முதல் வரிசையில் நானும் அவனும். காட்சி ஓடியது. கத்தி எழுந்ததும் ஒரு பெண் வீறிட்டாள். அப்புறம் ஒரே மௌனம். பேச்சு சுவாரஸ்யத்தில் அவன் தன் வாய்க்கே நுரை பூசிக்கொள்ளும் இடத்தில்கூட ஒரு சத்தமில்லை.

"யாருமே சிரிக்கலியே அக்கா."

"எனக்குச் சரியாக் காதுல விழலடா."

"எனக்கு விழுது. கண்ணுதான் போச்சு."

மைக்கில் செயலாளர், "அடுத்து நீங்க காத்திருந்த பேய்!" என்றார். நான் எழுந்து, இருபத்திரண்டு படி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன்.

"அதையே இன்னொரு தடவை போடுப்பா."

"செயலாளர் என்னைக் கடிச்சுத் துப்பிடுவாரும்மா."

"கால்ல விழணுமா? விழறேன்." குனியவே ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயோ, எந்திரிங்கம்மா! போட்டுத் தொலைக்கிறேன்."

மறுபடி ஓடியது. "என்னய்யா, திரும்பவும் இதையேவா?" என்றது ஒரு குரல். ஆனால் அந்தக் கழுத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது இந்த முறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கத்தி எழுந்தபோது யாரும் அலறவில்லை. எங்கோ ஒரு செருமல். பிறகு ஒரு களுக். நுரை அவன் வாய்க்குள் போனதும் கூட்டமே வெடித்துச் சிரித்தது.

அறையின் ஓட்டை வழியாகத் தம்பியைப் பார்த்தேன். முழங்கால்மேல் குனிந்து, இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தான். காட்சி திரும்ப ஓடத் தொடங்கியதுமே பொத்தியிருக்க வேண்டும்.

படிகளில் எப்படி இறங்கினேனோ தெரியாது. "கைய எடுடா! கைய எடு!" என்று கத்தியபடி ஓடினேன். என்னைப் பார்த்தும் சிலர் சிரித்தார்கள். அவன் கைகளைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. மறுபடி இழுத்தேன்.

சிரிப்பு அவன்மேல் வந்து விழுந்தது.

"யாரு அக்கா?"

"எல்லாரும்டா."

திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தின் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். காட்சி முடிய இன்னும் அரை நிமிடம் இருந்தது.