தொடுகோட்டுப் பாடமும் அக்காவின் பயமும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்கள் அவரைத் துணிச்சல்காரி என்றே அறிவார்கள். தம்பியான நான் அறிந்த அக்கா பயந்தவர். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ரராவாய் என்ற ஊரில் கரும்பாலைத் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் அம்மா வாய்ச்சொல்லுக்கு அஞ்சுபவர். அரிசி தீர்ந்தால் "நெறஞ்சிருக்கு" என்பார். கிளம்புகிறவர் "போறேன்" என்றால் திரும்ப உட்காரவைத்துவிடுவார். விளையாட்டுக்குக்கூடக் கெட்டதைச் சொல்லக் கூடாது, பலித்துவிடும் என்பது வீட்டுச் சட்டம்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு வந்து வாய்த்தது தொடுகோட்டுத் தேற்றம். வட்டத்தைத் தொடும் கோடு, தொடுமிடத்து ஆரத்துக்குச் செங்குத்து. இதை நிறுவ, முதலில் "செங்குத்து இல்லை" என்று வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்கு ஆரத்தைவிடக் குறுகிய வழி ஒன்று இருக்கும். அது சேருமிடம் வட்டத்துக்குள் விழும். தொடுகோடோ வட்டத்துக்குள் நுழையவே கூடாது. ஆகவே வைத்துக்கொண்டது பொய். அக்கா பள்ளியில் இதை முதன்முதலாக எழுதிய அன்று, காய்ச்சலில் கிடந்த அப்பா இறந்துபோனார். இல்லாததை இருப்பதாகச் சொன்னதுதான் பலித்துவிட்டது என்ற பயம் அக்காவைப் பிடித்துக்கொண்டது.

பின்னர் லவுத்தோக்கா நகரில் எங்கள் மக்களின் சங்கம் நடத்திய பள்ளியில் அக்கா கணக்கு ஆசிரியை ஆனார். தொடுகோட்டுக் கோணங்களுக்கெல்லாம் அந்தத் தேற்றமே அடிப்படை, தவிர்க்க வழியில்லை. வீட்டில் யாருக்கும் தலைவலிகூட இல்லாத நாளாகப் பார்த்துத்தான் நடத்துவார். அன்று காலை என் ஆபீசுக்குப் போன் வரும்.

"தம்பி, ஒடம்பு டீக்கா இருக்கா? நல்லாத்தான இருக்கே?"

நான் சிரிப்பேன்.

ஒரு வருடம் அம்மா படுத்த படுக்கையானார். அக்கா பாடத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பரீட்சை நெருங்கிவிட்டது; பிள்ளைகள் தோற்றுவிடுவார்களே என்று நடத்திவிட்டார். மணி அடித்ததும் டாக்சி பிடித்து, வழியில் ஆபீசிலிருந்து என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தவர், வீட்டு வாசலில் இறங்கவில்லை. என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்பினார். அம்மா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்த அக்காவைப் பார்த்து, "யாருடி செத்துட்டா, இப்பிடி முழிக்கிறே?" என்றார். அம்மா தம் சட்டத்தைத் தாமே மீறியது அன்று மட்டும்தான்.

சென்ற ஆண்டு அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருடைய வகுப்பை ஏற்றிருந்த இளம் ஆசிரியை பார்க்க வந்தார். அக்காவின் பயம் அவருக்குத் தெரியும்.

"டீச்சர், அடுத்தது தொடுகோடு. நீங்க வீட்டுக்கு வந்தப்புறம் எடுக்கிறேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அத்தனை வருடம் சிரித்தவன்தான் நான்.

அக்கா, "நாளைக்கே எடும்மா. பயம் என்னோட போவட்டும். பசங்களுக்கு வாணாம்" என்றார்.

"அப்பிடிச் சொல்லாதக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் உயிர் பிரிந்தது.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அக்காவைச் சுமந்த சங்கத்து அன்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்தாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த ஆசிரியைக்குத் தனியாக ஒரு வார்த்தை. இறுதிச் சடங்கன்று நீங்கள் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டுத் திரும்பியதைப் பார்த்தேன். அக்காவைக் கொண்டுபோனது நோய், உங்கள் பாடமல்ல. அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. தொடுகோட்டுப் பாடம் அதே நாளில் வந்தாலும், டீச்சர், தயவுசெய்து தள்ளிவைக்காதீர்கள்.