வெயிலுக்கு நிற்கும் படம்

டிஷ் மாட்டுவது எனக்குப் பெரிய வேலையில்லை. மாட்டிவிட்டு வந்த பிறகு வரும் போன்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. ஜன்னல் வழியாக வயரை இழுத்தால் கொசு வருமா? டிஷ்ஷில் காக்கா உட்கார்ந்தால் படம் ஆடுமா? பக்கத்து வீட்டு டிஷ் நம்ம சிக்னலை இழுத்துக்கொள்ளுமா? பேட்டையில் என் வீட்டில் இருந்தபடியே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். அதற்குள் சோறு ஆறிவிடும்.

டவுணில் ஒரு அரிசிக்கடை அண்ணாச்சி. கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். அவர் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

“தம்பி, எல்லார் வீட்டுலயும் மழைக்குப் படம் நிக்கும். எங்க வீட்டுல வெயிலுக்குல்லா நிக்குது.”

தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் படம் போய்விடுகிறதாம். சாயங்காலம் தானாக வந்துவிடுகிறதாம். மேகம் போட்ட நாளில் ஒரு குறையும் இல்லையாம். மத்தியானம்தான் அவருக்குப் பிடித்த செய்தி விவாதம். நாலு பேர் டிவிக்குள் கத்துவார்கள், ஐந்தாவது ஆளாக இவர் வெளியே இருந்து கத்துவார். படம் நின்றால் கோபம் வராதா மனுசனுக்கு?

பெட்டியை அணைத்துப் போடச் சொன்னேன். வயர் முனையைத் துடைக்கச் சொன்னேன். மற்ற வேலை முடித்து, சாயங்காலம் நேரிலும் போய்ப் பார்த்தேன். படம் பளிச்சென்று ஓடியது. எதற்கு வம்பென்று வயரையே மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் மறுபடி போன். வேலை தெரியாத பயலிடம் மாட்டிக்கொண்டோம் என்று தெருவெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தத் தெருவில் பாதி டிஷ் நான் மாட்டியது.

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உச்சி வெயிலில் போய் மாடி ஏறினேன். டிஷ் மேல் ஈர வேட்டி, ஓரமெல்லாம் துணிக் கிளிப். வேட்டி நிறையத் தயிரில் ஊறிய மோர்மிளகாய். நம்ம பக்கம் டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்துதானே கிடக்கும், காயப்போடத் தோதாகப் போயிற்று. பக்கத்தில் அண்ணாச்சியின் மனைவி, கையில் மிச்சக் கிளிப்போடு.

மதினி, இப்படி மூடினால் படம் வராது என்று பாடம் எடுக்கத் தொடங்கினேன்.

“தெரியும் தம்பி,” என்றார் பைய. “விடியுமுன்ன எந்திரிக்கேன். மத்தியானம் ஒரு கண்ணு தூங்கலாம்னா இவரு டிவியோட சண்ட போடுதாரு. படம் நின்னாத்தான் எனக்கு உறக்கம். சொல்லிராத.”

அவர் கண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என் பெயரையும் காப்பாற்ற வேண்டுமே. கீழே வந்து அண்ணாச்சியிடம், நம்ம ஊர் வெயிலுக்கு எவன் மாட்டினாலும் டிஷ் மத்தியானம் கொஞ்சம் கண் அசரத்தான் செய்யும் என்றேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கோ பெருமை பிடிபடவில்லை.

“நம்ம ஊரு வெயிலு அப்படில்லா!”

அதன் பிறகு அவரும் மத்தியானம் படுத்துவிடுகிறாராம். தெருவில் என் பெயரும் தப்பியது.

மதினி கொடுத்தனுப்பிய மோர்மிளகாயை வறுத்துச் சாப்பிடும்போது என் மனைவியிடம் கதையைச் சொல்லிச் சிரித்தேன். என்னைவிட அதிக நேரம் அவள் சிரித்தாள். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரிக்கெட். அம்பயரைத் திட்ட எழுந்து நின்றேன், படம் போய்விட்டது. பெட்டியை அணைத்துப் போட்டேன், வயர் முனையைத் துடைத்தேன், அப்புறம்தான் மாடிக்கு ஓடினேன். டிஷ் மேல் என் வேட்டி, சொட்டச் சொட்ட. பேருக்குக்கூட ஒரு மிளகாய் இல்லை.

இறங்கி வந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“நம்ம ஊரு வெயிலு அப்படி,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “நீங்களும் படுங்க.”