கேள்வி கேட்காத பக்கம்

அந்த ஓட்டலின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத ஒரு லாண்டரி அறை உண்டு. எல்லா மாடிகளின் படுக்கை விரிப்பும் துண்டும் அங்கேதான் வந்து விழும். அந்த அறையின் சூப்பர்வைசருக்கு ஓட்டல் முழுக்க ஒரே பெயர், கறை டாக்டர். மேலே யாராவது ஒயினைக் கொட்டினாலும் மையைக் கொட்டினாலும் ரூம் ஆட்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடி வந்து, "டாக்டரம்மா, கேஸ் கொஞ்சம் சீரியஸ்" என்பார்கள். அவள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பாள். எப்போது கொட்டியது, யார் கொட்டினார்கள், வெந்நீர் பட்டதா, எவனாவது சோப்புப் போட்டுத் தேய்த்துத் தொலைத்தானா? எல்லாவற்றுக்கும் பதில் வந்த பிறகுதான் துணியில் கை வைப்பாள்.

இந்த விசாரணைப் புத்தி அவளோடு வீட்டுக்கும் வரும். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டையில் மையோடு வந்தால் போச்சு. யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், யார் பேனா, ஏன் அவள் பேனா உன் கைக்கு வந்தது என்று ஆதியோடு அந்தமாகக் கேட்டு முடிப்பதற்குள் பெண்ணுக்கு அழுகை வந்துவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் பதிலுக்கு அவளே கேட்டாள்.

"அம்மா, நீ துணி துவைக்கிறியா, போலீஸ் ஸ்டேஷன் நடத்துறியா?"

அப்பா என்று ஒருவர் இருந்தார். வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் ஒழுங்காகக் கேள்வி கேட்காமல் விட்டதால்தான் ஏமாந்தோம் என்று இவளுக்கு ஒரு எண்ணம். அன்றைக்கு விட்ட கேள்விகளை எல்லாம் சேர்த்து வைத்து மகளிடம் கேட்டாளோ என்னவோ.

மகள் கல்யாணமாகி வேறு நகரத்துக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு மாதக்கணக்கில் வெளியூரிலேயே வேலை, மகளுக்கும் ஆபீஸ். இவளாகப் போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வரும். அந்த அப்புறம் வந்ததே கிடையாது. ஆனால் கறை பட்டால் மட்டும் மகளே கூப்பிடுவாள். "அம்மா, வெள்ளைச் சட்டையில காபி. சீக்கிரம் சொல்லு."

சீக்கிரமா? இவளா? "யார் சட்டை? மாப்பிள்ளையோடதா? அவர் ஊர்ல இல்லைன்னியே, எப்போ வந்தார்? சாப்பிட்டாரா?" என்று ஒரு காபிக் கறைக்குள்ளேயே அந்த வீட்டின் சேதி முழுவதையும் கறந்துவிடுவாள். அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவாள்.

மற்ற நாட்களின் சாயங்காலங்கள்தான் பெரும்பாடாக இருந்தன. நாலு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு. டிவியைப் போட்டால் யாரோ யாருடனோ சண்டை போட்டார்கள், அணைத்தால் ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது. எத்தனை நாள்தான் சுவரையே பார்ப்பது என்று சமுதாயக் கல்லூரியில் மாலை நேர இணைய வடிவமைப்பு வகுப்பில் சேர்ந்தாள். அடிப்படைப் படிப்பைத் தட்டுத் தடுமாறி முடித்தாள். அது முடிந்ததும் மறுபடி சுவர். அதற்குப் பயந்தே மேல்நிலைப் படிப்புக்கும் பணத்தைக் கட்டினாள்.

வகுப்பில் பாதிப் பேர் அவள் மகள் வயது. நடத்தும் ஆசிரியைக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். அவள் இவளை "அம்மா" என்பாள், இவள் அவளை "மிஸ்" என்பாள், வகுப்பே சிரிக்கும். கம்ப்யூட்டருக்கு எழுதும் வரியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் பக்கம் முழுக்கப் படுத்துவிடும். பெரிய திரையில் ஜம்மென்று நிற்பது போனில் பார்த்தால் குப்புறக் கிடக்கும். இவள் அதையெல்லாம் அழுக்குத் துணி மாதிரி பொறுமையாகப் பிரித்துப் பார்த்துச் சரி செய்தாள். பொறுமைக்கு அவளிடம் பஞ்சமில்லை. வீட்டுக்குப் போய் ஆகப்போவதுதான் என்ன?

ஆளுக்கு ஒரு இணையதளம் செய்து காட்ட வேண்டும் என்றதும் கறைகளைத்தான் எடுத்துக்கொண்டாள். முதலில் செய்ததை மிஸ் திறந்து பார்த்தாள். எப்போது பட்டது, எப்படிப் பட்டது, யாருடைய துணி என்று ஒரு முழத்துக்குக் கேள்விகள். அத்தனையும் நிரப்பினால்தான் பதில்.

"அம்மா, வந்தவங்களை நிக்க வெச்சுக் குறுக்கு விசாரணை பண்றீங்களே! பாவம், துணியில கறையோட வந்திருக்காங்க. பதிலைக் கொடுங்க, விட்டுடுங்க. யாரையும் எதுவும் கேட்காம வேலை முடிஞ்சா, அதுதான் நல்ல பக்கம்."

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கறையைத் தொட்டு, துணியைத் தொட்டால் போதும், நாலு வரியில் பதில் வந்து நிற்கும். மிஸ் வகுப்பு முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினாள். டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே சுட்டியை மகளுக்கு அனுப்பினாள். "சூப்பர்மா!" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு மகளிடமிருந்து போனே வரவில்லை.

ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. வேலை அதிகமாக இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஒருநாள் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது. இனி எதற்காக அவள் கூப்பிட வேண்டும்? எல்லாக் கறைக்கும்தான் பதில் எழுதிக் கொடுத்தாகிவிட்டதே. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோம் என்று புரிந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

தளத்துக்கு எந்த நகரத்திலிருந்து ஆள் வருகிறது, எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது என்று காட்டும் கணக்கை வைக்க மிஸ் அடுத்ததாகச் சொல்லிக்கொடுத்தாள். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தாள். "எத்தனை பேர் வந்தாங்கன்னு பாருங்க. யார் வந்தாங்கன்னு துருவாதீங்க. அது அடுத்தவங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கிற மாதிரி."

இவளுடைய தளத்துக்கு வகுப்புத் தோழர்களை விட்டால் வருவது ஒரே ஒரு ஆள். அதுவும் மகள் இருக்கும் நகரத்திலிருந்து. அது யார் என்று துருவித்தான் தெரிய வேண்டுமா? வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் கணக்கைத் திறப்பாள். இன்றைக்கு எண்ணெய், பருத்திச் சட்டை. சரி, சமைத்திருக்கிறாள். இன்றைக்கு லிப்ஸ்டிக், காலர். சரி, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வெளியூருக்கு வழியனுப்பியிருக்கிறாள் போல. ஒரு கள்ளச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு, தனியாகச் சாப்பிட உட்காருவாள். பேச்சு இல்லாவிட்டாலும் பெண் ஏதோ பக்கத்து அறையில் இருப்பது மாதிரி ஒரு ஆறுதல்.

பிறகு ஒருநாள், ரத்தம், படுக்கை விரிப்பு.

மறுநாளும் அதே பக்கம். அதற்கடுத்த நாள், ரத்தம், மெத்தை.

மாதாமாதம் வருவதென்றால் மகளுக்கே துவைக்கத் தெரியும். கத்தி பட்டிருந்தால் மெத்தைக்கு ஏன் போகிறது? மாப்பிள்ளை கையை நீட்டிவிட்டாரா? சீ, அவர் ஊரிலேயே இல்லையே என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். உடனே போன் செய்தாள்.

"உடம்பு நல்லா இருக்காடி?"

"நல்லா இருக்கேன்மா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"ஆபீஸ்ல இருக்கேன். வைக்கட்டுமா?"

உன் மெத்தையில் ரத்தம் எப்படி வந்தது என்று எந்த வாயால் கேட்பது? எட்டிப் பார்த்தது தெரிந்தால் பெண் அந்த ஜன்னலையும் சாத்திவிடுவாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டவளுக்கு, கேட்டே ஆக வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்க வழியில்லாமல் போனது.

வகுப்பின் கடைசி மதிப்பீட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் அதே பக்கம் மறுபடியும் பார்க்கப்பட்டிருந்தது. இவள் கம்ப்யூட்டர் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ரத்தக் கறைக்கு எழுதிய பக்கத்தைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டாள். மிஸ் எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பாள், திறக்காத பக்கம் இருந்தால் மதிப்பெண் போய்விடும், தேர்ச்சியே சந்தேகம்தான். தெரிந்துதான் செய்தாள். இல்லாத பக்கத்தைத் தேடி வருகிறவரை நடுத்தெருவில் விட்டுவிடக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்: "இதற்கு இங்கே பதில் இல்லை. கூப்பிடுங்கள்." கீழே தன் போன் நம்பரைப் போட்டாள்.

மறுநாள் கல்லூரி வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொருவராக உள்ளே போய்த் தங்கள் தளத்தைக் காட்டிவிட்டு வந்தார்கள். "டாக்டரம்மா, கலக்கிடுங்க" என்று ஒருத்தி தோளைத் தட்டிவிட்டுப் போனாள். இவள் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அடித்தது.

"அம்மா, உன் சைட்டுல ஒரு பக்கம் திறக்கல."

"எந்தப் பக்கம்?"

"ஒரு கறையோடதும்மா."

"எந்தக் கறைடி?"

"ரத்தம்."

இவள் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போனாள். "யாருக்கு?" என்றாள்.

ஆயிரம் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. இந்த ஒரு தடவை அத்தனையையும் விழுங்கிக்கொண்டு சும்மா நின்றாள்.

"கலைஞ்சிடுச்சும்மா" என்றாள் மகள். "முழுகாம இருக்கேன்னே உன்கிட்ட சொல்லல. கொஞ்ச நாள் போகட்டும், நிச்சயமானதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இப்படி. அவருக்கும் இன்னும் தெரியாது. தனியாத்தான் டாக்டர்கிட்ட போனேன், தனியாத்தான் வந்தேன்."

"இப்போ உடம்பு?"

"பயமில்லைன்னுட்டாங்க. ஆனா மெத்தையில அது இன்னும் போகலம்மா. தினமும் பார்க்க வேண்டியிருக்கு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"நீ கேட்பே. எப்போ, எப்படி, என்ன தூக்கினே, ஏன் நடந்தேன்னு ஒவ்வொண்ணாக் கேட்பே. என்கிட்ட ஒண்ணுக்கும் பதில் இல்லம்மா." மகள் அழ ஆரம்பித்தாள். "உன் பக்கத்துல போய்ப் பார்த்தா நீயே சொல்ற மாதிரி இருக்கும். ஆனா அது எதுவும் கேட்காது. அதான் திரும்பத் திரும்ப அங்கேயே போனேன்."

இவளுக்குக் கண் மறைத்தது. வகுப்பறைக் கதவு திறந்து மிஸ் தலையை நீட்டினாள். "அம்மா, அடுத்தது நீங்கதான்."

இவள் கையை ஆட்டி வேண்டாம் என்றாள். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. கதவைத் திறந்தபடியே நின்றாள்.

"அடுத்தது நீங்கன்னு கூப்பிடறாங்களே, உனக்குப் பரீட்சையா?" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "போம்மா. அது எப்படிப் போகும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"குளிர்ந்த தண்ணியில கொஞ்சம் உப்பைப் போட்டு..." பழக்கத்தில் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. சட்டென்று நிறுத்தினாள். திரும்பி நடந்து, நாற்காலியில் கிடந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"வேண்டாம். நீ எதையும் தொடாதே. அப்படியே கிடக்கட்டும். நான் வந்து துவைக்கிறேன்."